எட்டு மீட்டர்

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பத்து.
மூன்றாவது மாடி, ஆறு கட்டில்,
ஆகஸ்ட் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த நேரம்.
பாட்டு முடியும்வரை ஏசியை நிறுத்தச்
சம்மதம் வாங்கியாயிற்று.
கலந்தர் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தான்:
ஐந்தாவது நிமிடம் அவன் கை ஸ்விட்சில் இருக்கும்.

மேல்கட்டில் கம்பியில் இரண்டு போர்வை,
நடுவில் மைக், அதன் முன் கஸ்பார்.
வாயைத் திறந்தான். மூடினான்.
ஹெட்போனைக் கழற்றி என்னைப் பார்த்தான்.
“உள்ள இன்னொருத்தன் பாடுதாம்ல.”

இன்னொருத்தன் இல்லை, நீதான்.
உன் குரல் ஒயருக்குள் போய்,
ரோலாவில் பழசாக வாங்கிய லேப்டாப்பில்
டோக்கன் எடுத்து, வரிசையில் நின்று,
திரும்பி உன் காதுக்கு வர
இருபத்து மூன்று மில்லி செகண்ட்.

அது எவ்வளவு என்றான்.
கண் இமைப்பதில் கால்வாசிகூட இல்லை என்றேன்.
அப்புறம், எஸ்டிமேஷன் செக்‌ஷன் புத்தி சும்மா இருக்காமல்
ஒலியின் வேகத்தால் பெருக்கிப் பார்த்தேன்.
எட்டு மீட்டர்.
எங்கள் அறையின் நீளமே நாலரை.
ஆக, கஸ்பாரின் குரல் நிற்பது
சுவரைத் தாண்டி, வராந்தாவில்,
வாட்டர் கூலர் பக்கத்தில்,
யாரோ துவைத்துப் போட்ட டாங்கிரி சொட்டும் இடத்தில்.
அது வரட்டும் என்று இவன் காத்திருக்கிறான்.
இவன் காத்திருக்க, அதுவும் பின்தங்குகிறது.
இரண்டாம் சரணத்துக்குள் தாளம்
நொண்டி நொண்டி உட்கார்ந்தேவிட்டது.

பஃபரைக் குறைத்தேன்.
நூற்றி இருபத்தெட்டு: குரல் எதிர்க்கட்டிலுக்கு வந்தது.
அறுபத்து நான்கு: கை நீட்டினால் தொடலாம்.
ஆனால் லேப்டாப்புக்கு மூச்சு முட்டி
சட்டியில் சோளம் பொரிவதுபோல் வெடித்தது பாட்டு.
பழையபடி ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
ஏசி உறுமியது. ஐந்தாவது நிமிடம்.

கஸ்பார் டவர் கிரேன் ஓட்டுகிறவன்.
கைப்பிடியை நகர்த்தியபின்
ஆடி அசைந்து வருகிற கொக்கியோடு பத்து வருடம்.
“இதுக்கா இம்புட்டு? சுமை எப்பமும் பின்னாலதான் வரும்.
நிக்க வேண்டிய எடத்துக்கு முன்னாலயே
கையை எடுத்துரணும். நான் முந்திப் பாடுதேன்.”
பாடினான். பாவி, சொன்னபடியே பாடினான்.
அவன் காதில் எல்லாம் கச்சிதம்.
பதிந்ததைப் போட்டுக் கேட்டால்
இலை போடுவதற்குள் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது
ஒவ்வொரு சொல்லும்.

நம்ம கம்பெனிச் சம்பளமும் இப்படித்தான்,
அறுபது நாள் பஃபர் என்று கலந்தர் ஆரம்பித்தான்.
உவமையெல்லாம் வேண்டாம்ப்பா,
இது டிரைவர் பிரச்சினை என்றேன்.

மணிலாவுக்குத் திரும்பிய ஜோயல்
நூற்றெண்பது திர்ஹத்துக்கு விட்டுப்போன பெட்டி.
அதன் முகப்பில் எழுத்துத் தேய்ந்த ஒரு குமிழ்.
இத்தனை மாதம் அதை நான் தொட்டதில்லை.
திருப்பினேன்.
குரல் கம்ப்யூட்டர் வரை போய்வராமல்
பெட்டியிலிருந்தே குறுக்குவழியில் காதுக்கு.
தூரம் போயிற்று. கூடவே
அவனுக்காக நான் சேர்த்து வைத்திருந்த
மாதா கோயில் எதிரொலியும் போயிற்று.
கஸ்பாருக்கு முகம் சுருங்கியது.
“இவ்வளவு வறண்டா கெடக்கு என் குரல்?”
பாடு என்றேன்.

ஒரே டேக். மூன்று நிமிடம் ஐம்பது.
மூக்கு நுனி வேர்வை மைக் வலையில் விழுந்தது.

திரையில் அலை இன்னும் ஒரு நூல் பின்னால்.
கரண்டியால் டம்ளரைத் தட்டி,
அந்தத் தட்டலையே மறுபடி பதிந்து, இடைவெளி அளந்து
குரலை இடப்பக்கம் நகர்த்தினேன்.
முதல் சொல்லுக்கு முன் அவன் இழுத்த மூச்சு
பாட்டின் எல்லைக்கு வெளியே போய் அறுந்தது.
விட மனமில்லை.
மொத்தத்தையும் வலப்பக்கம் தள்ளி
தொடக்கத்தில் ஒரு பார் காலியாக வைத்தேன்.

இப்போது போட்டால் முதலில் ஒன்றுமில்லை.
பிறகு மூச்சு.
மூச்சுக்கு அடியில், வால்யூமை நன்றாக ஏற்றினால்,
கதவுக்கு வெளியே சொட்டுகிற டாங்கிரி.